பலமனேர் இறால், திருப்பதித் தண்ணீர்

திருப்பதியில் கொர்லகுண்டா பக்கத்தில் யார் வீட்டு ஃபிரிஜ் நின்றுபோனாலும் முதலில் தேடுவது புருஷோத்தமனைத்தான். வீட்டு ஏசியானாலும் சரி, டீக்கடை வாசலில் நிற்கிற வாட்டர் கூலரானாலும் சரி, பக்கத்தில் போய் நின்று காது கொடுத்துக் கேட்பான். கம்ப்ரசரா, கேஸ் இறங்கிவிட்டதா என்று சொல்லிவிடுவான். கை சுத்தம், நாக்கு சுத்தம். வேலை முடிந்து கிளம்பும்போது தரையில் சிந்திய தண்ணீரைத் தானே துணி போட்டுத் துடைத்துவிட்டுப் போகிற மெக்கானிக்கை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இவன் துடைப்பான். இப்படிப்பட்ட மனுஷனுக்குக் கடவுள் ஒரே ஒரு குறை வைத்தார். அந்தக் குறைக்குப் பெயர் தணிகைவேல்.

தணிகைவேல் அவனுடைய சகலை. மனைவி காஞ்சனாவின் தங்கை தேவயானியைக் கட்டியவன். பலமனேரில் சொட்டுநீர்க் குழாயும் மோட்டாரும் விற்கிற கடை வைத்திருக்கிறான். ஆள் கெட்டவன் இல்லை. அதுதான் புருஷோத்தமனுக்குப் பெரிய கஷ்டம். கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்திருக்கலாம். அவனோ சிரித்த முகம், வாய் நிறைய 'அண்ணா'. என்ன குற்றம் சொல்வது என்று தெரியாமலே இவனுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

மாமியார் சுந்தரம்மாவுக்குக் கார்வேட்டிநகரத்தில் சொந்த வீடு. சித்திரை பிறந்தால் அந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு சின்ன மகள் வீட்டுக்கு, பலமனேருக்குப் போய்விடுவாள். மேட்டு ஊர், வெயில் காலத்திலும் சாயந்திரமானால் சிலுசிலுவென்று காற்று வரும். ஒரு வருஷம் புருஷோத்தமன் விடவில்லை. மாமியாருக்கென்றே உள்ளறையில் ஏசி மாட்டினான். அவளும் மாப்பிள்ளை மனசு நோகக்கூடாதென்று வந்தாள், ஒரு நாள் படுத்தாள். மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டாள்.

"மிஷின் காத்து மூட்டெல்லாம் புடிக்குது மாப்ள. பலமனேரு காத்து இந்தமாரி இல்ல" என்றாள்.

அடுத்தவன் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் உண்டு, அடுத்தவன் வேலையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் உண்டு. ஒரு ஊரின் காற்றைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஆள், எனக்குத் தெரிந்து, புருஷோத்தமன் ஒருத்தன்தான்.

இதில் இறால் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். சாப்பிடுகிற இறால் இல்லை. கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற நன்னீர் இறால். விரல் நகத்தளவுதான் இருக்கும், செக்கச்செவேல் என்று. செர்ரி இறால் என்பார்கள். பாசியை மேய்ந்துகொண்டு, யாரையும் கடிக்காமல், சத்தம் போடாமல் இருக்கும். நாளெல்லாம் கம்ப்ரசர் இரைச்சலைக் கேட்டுவிட்டு வருகிற புருஷோத்தமனுக்கு அது பிடித்துப்போனது. மூன்று வருஷத்துக்கு முன்னால் சித்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பந்திக்கு நேரமிருக்கிறதே என்று பக்கத்துத் தெரு மீன்கடையில் நுழைந்து வாங்கினான். கூடவே வந்த தணிகைவேல் எட்டிப்பார்த்தான்.

"நீங்க வாங்கறீங்களா? அப்ப எனுக்கும் கொஞ்சம் குடுங்கண்ணா" என்றான்.

ஒரே பையிலிருந்து ஆளுக்குப் பாதி. பலமனேரில் அந்தப் பாதி பெருகி, அண்டாவில் விட்டு, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்து, அப்படியும் மாளவில்லை. திருப்பதியில் இந்தப் பாதி வருஷா வருஷம் வைகாசிக்குள் செத்து முடிந்தது. முதல் வருஷம் பாட்டிலில் தண்ணீர் உறையவைத்து மத்தியானம் மத்தியானம் தொட்டியில் மிதக்கவிட்டான். இரண்டாம் வருஷம் புதிதாக வாங்கிவிட்டு, ஐஸ் பையோடு ஃபேனும் வைத்தான். ஊருக்கெல்லாம் குளிரைப் பிடித்துக் கொடுக்கிறவனின் வீட்டில் இறால் மிதந்தது. வாத்தியார் பிள்ளை மக்கு என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டான். தாங்க முடியாதது தணிகைவேல் போனில் சொன்னதுதான்.

"நான் ஒண்ணுமே பண்லண்ணா. தொட்டி பாட்டுக்குக் கீது, அதுங்க பாட்டுக்குப் பெருகுது."

ஒண்ணுமே பண்ணவில்லையாம்! பாடுபட்டு ஜெயித்தவனைக்கூட மன்னித்துவிடலாம். சும்மா இருந்து ஜெயித்தவனை எப்படி மன்னிப்பது? புருஷோத்தமன் அன்று சாப்பாட்டில் உப்பில்லை என்று காஞ்சனாவிடம் சண்டை போட்டான். உப்பு சரியாகத்தான் இருந்தது.

"அந்த ஊரு தண்ணி தானா சில்லுனு கீது. இங்க அனலு. அதுக்கு நீ இன்னா பண்ணுவ மாமா?" என்றாள் காஞ்சனா. ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த வார்த்தையை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். தோற்றது தான் இல்லை, திருப்பதி வெயில். ஜெயித்தது தணிகைவேல் இல்லை, பலமனேர்க் காற்று. இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

இந்த வருஷம் காற்றையே ஜெயித்துவிடுவது என்று கச்சை கட்டினான். தூக்கிப்போட இருந்த ஒரு பழைய வாட்டர் கூலரிலிருந்து கம்ப்ரசரை எடுத்தான். குழாய் வளைத்து, தெர்மோஸ்டாட் வைத்து, தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கவென்றே ஒரு சில்லர் கட்டினான். செர்ரி இறாலுக்கு இருபத்திரண்டிலிருந்து இருபத்தாறு டிகிரிவரை சுகம் என்று படித்திருந்தான். இருபத்து நாலில் வைத்தான். வெளியே தார் உருகியது, தொட்டிக்குள் மார்கழி. பங்குனிக் கடைசியில் ஒரு பெண் இறால் வயிற்றடியில் மஞ்சளாக முட்டை கட்டியது. வாலடியில் முட்டையை வைத்துக்கொண்டு அது விசிறிக்கொண்டே இருந்ததைப் பார்த்தபோது, தலைச்சன் பிள்ளை பெற்றவன்போல் காஞ்சனாவைக் கூவிக் கூப்பிட்டான். மே மாசத்துத் திருப்பதியில், தன் தொட்டியில், குஞ்சு பொரிய வேண்டும். பொரிந்துவிட்டால் போதும். அதற்குமேல் தணிகைவேல் அண்டா அண்டாவாக வளர்க்கட்டும், அரண்மனை கட்டட்டும், அவனுக்குக் கவலை இல்லை.

படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டான். சுந்தரம்மா ஒரு கைகூப்பு போட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தணிகைவேல் தன் அண்டாவைப் படம் எடுத்துப் போட்டான். 'சூப்பர்ண்ணா! இங்கயும் பாருங்க' என்று எழுதியிருந்தான். அதற்குக் குரூப் முழுக்க கைதட்டல். மாமியார் மூன்று ரோஜாப்பூ போட்டாள்.

பிறகு கரண்ட் வெட்டு ஆரம்பித்தது. மத்தியானம் போகும், சாயந்திரம் வரும். வந்த சூட்டில் மறுபடி போகும். கரண்ட் போனால் தொட்டி கொதித்து முப்பதைத் தொடும். வந்தவுடன் சில்லர் வெறிபிடித்ததுபோல் ஓடிக் கீழே இழுக்கும். மூன்றாம் நாள் ஓர் இறால், பாம்பு சட்டை உரிப்பதுபோல் உரிக்கிற ஓட்டைக் கழற்ற முடியாமல் பாதியில் செத்துக் கிடந்தது. அடுத்து இன்னொன்று. புருஷோத்தமன் யோசித்தான். யோசித்தான் என்ன, ஃபிரிஜ் மெக்கானிக்குக்கு அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. பால் கெடுகிறது என்றால் குமிழை இன்னும் குளிருக்குத் திருப்பு. மாவு புளிக்கிறது என்றால் இன்னும் கொஞ்சம் திருப்பு. தொழிலில் அவன் கைக்குப் பழகின வைத்தியம் அது ஒன்றுதான். கரண்ட் போகும்போது ஏறுகிற சூட்டுக்கும் சேர்த்து இருக்கட்டும் என்று இருபதுக்குத் திருப்பினான்.

காஞ்சனா தொட்டியில் விரலை விட்டுப்பார்த்தாள். "காலைல ஐஸாட்டம் கீது, மத்தியானம் வெந்நியாட்டம் கீது. நமக்கே இந்தமாரி ஊத்தினா ஜன்னி வரும் மாமா."

"உனுக்கு இன்னா தெரியும்? வெய்யில்தான் கொல்லுது" என்றான்.

கங்கம்மா ஜாத்திரை வந்தது. திருப்பதிக்காரர்களுக்கு மே மாசத்தில் அதுதான் பண்டிகை. சுந்தரம்மாவை அழைத்துக்கொண்டு தணிகைவேல் பஸ்ஸில் வந்து இறங்கினான். தேவயானி கடையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டாள். மாமியார் கையில் ஈரத்துண்டு சுற்றிய பெரிய பாட்டில் ஒன்று. மொகிலி மலைப்பாதை இறங்கி, சித்தூரில் பஸ் மாறி, அனலில் வழியெல்லாம் அவள் அதைக் குழந்தைபோல் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே சிவப்புச் சிவப்பாக இறால்.

"உங்குளுக்குத்தாண்ணா. ஒண்ணொண்ணா செத்துகினே கீதுன்னு அண்ணி போன்ல சொன்னாங்க" என்றான் தணிகைவேல். "பாட்டில அப்டியே தொட்டில மெதக்க விடுங்க. அப்புறமா உங்க தண்ணிய கொஞ்சங் கொஞ்சமா ஊத்தி, பொறுமையா உள்ள விடுங்க."

புருஷோத்தமன் காஞ்சனாவைப் பார்த்தான். சொந்தப் பெண்டாட்டி, சகலைக்குப் போன் போட்டு, தன் தொட்டியில் சாவு விழுவதைச் சொல்லியிருக்கிறாள். இறால் செத்ததுகூட அவனுக்கு இவ்வளவு வலிக்கவில்லை. பாட்டிலை வாங்கித் தொட்டிக்குப் பக்கத்து மேடையில் வைத்தான்.

மறுநாள் அவன் பண்ட வேஷம் கட்டினான். வருஷா வருஷம் கட்டுவதுதான். உடம்பெல்லாம் குங்குமம் அப்பிக்கொண்டு, பூச்சரம் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போக வேண்டும். போகிற வழியில் யாரை வேண்டுமானாலும் திட்டலாம். ஒளிந்துகொண்ட பாளையக்காரனை வெளியே இழுக்க அம்மன் வேஷம் மாறி மாறித் தேடினாள், திட்டித் திட்டி வரவழைத்தாள் என்பது கதை. அன்றைக்கு வேஷக்காரன் திட்டினால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கைகூப்பி வாங்கிக்கொள்ள வேண்டும், புண்ணியம். மற்ற வருஷங்களில் புருஷோத்தமன் பெட்டிக்கடைக்காரரையும் பால்காரரையும் தெலுங்கில் ரெண்டு வார்த்தை திட்டிவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு போய்விடுவான். இந்த வருஷம் வாசலில் நின்றிருந்த தணிகைவேல் முன்னால் போய் நின்றான்.

"ஒரேய் பலமனேரு! குளிர்காத்துல உக்காந்துகினு மீசயத் தடவறவனே!" என்று தெலுங்கு வாடையோடு ஆரம்பித்தான். தெரு சிரித்தது. அவனுக்குத் தமிழ் பொங்கிக்கொண்டு வந்தது. "ஒண்ணுமே பண்ல, ஒண்ணுமே பண்லன்னு சொல்லிச் சொல்லியே எம் மாமியார வளச்சிகின. எம் பொண்டாட்டி வாயில உம் பேர வெச்ச. நான் வாங்கின எறாலயும் பாதிய புடுங்கிகினு போயி, எம் மூஞ்சிக்கு நேராவே வளத்துக் காட்றியேடா! நான் இங்க அனல்ல வெந்துகினு கீறேன். உனுக்கு யார்ரா குடுத்தாங்க அந்தக் காத்த? இன்னா பாடுபட்டு வாங்கின? சொல்றா!"

குரல் உடைந்தது. கண்ணில் தண்ணீர் வந்து குங்குமத்தில் கோடு போட்டது. பத்து வருஷத்து வயிற்றெரிச்சல் பூராவும் நடுத்தெருவில் கொட்டியாகிவிட்டது. தெரு விசில் அடித்தது. தணிகைவேல் கைகூப்பி நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இன்னும் திட்டுங்கண்ணா! இந்தமாரி திட்டு யாரும் திட்னதே இல்ல!"

"பெரிய மாப்ளைக்கு அம்மாவே எறங்கிட்டா" என்று சுந்தரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். காஞ்சனா மட்டும் சிரிக்கவில்லை.

மனசில் உள்ளதை உள்ளபடி சொன்னான், ஒருத்தரும் நம்பவில்லை. வேஷம் போட்டுத் திட்டியதில் வந்த லாபம் இதுதான். கோயிலுக்குப் போய்விட்டு வந்து குளித்தபோது குங்குமம் போனது, எரிச்சல் போகவில்லை. மற்றவர்கள் ஜாத்திரைக் கடைகளைப் பார்க்கப் போயிருந்தார்கள். மேடையில் பாட்டில் இருந்தது. பொறுமையாக மிதக்கவிட்டுச் சேர்க்க வேண்டும் என்பது அவனுக்கும் தெரியும். தணிகைவேலுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான், சித்தூர் மீன்கடை வாசலில்.

'ஒண்ணுமே பண்ணாமல் வளர்கிற இறாலுக்கு இதெல்லாம் எதற்கு?' என்று நினைத்தான். 'வந்து பார்க்கட்டும். எங்கள் ஊர் என்னவென்று அவன் இறாலும் பார்க்கட்டும்.' செத்தால் சாகட்டும் என்று வார்த்தையாக நினைக்கவில்லை. ஆனால் பாட்டிலைத் திறந்து ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்த கைக்கு அது தெரிந்துதான் இருந்தது. கரண்ட் அப்போது இருந்தது. சில்லர் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் தொட்டி அடியில் பலமனேர் இறால் வெளுத்துப்போய்ப் பரவிக் கிடந்தது. அவனுடைய பெண் இறால் செத்திருக்கவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது. வயிற்றடி காலி. முட்டையெல்லாம் மணலில் சிந்தி, பஞ்சுபோல் வெளுத்திருந்தது. புருஷோத்தமன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். 'பார்த்தாயா, இந்த ஊர் வெயில்!' என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. சொல்வதற்கு எழுந்து சமையலறைக்குப் போனான்.

அங்கே தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஓர் ஊறுகாய் ஜாடி. ஈரத்துணி சுற்றியிருந்தது. உள்ளே அஞ்சாறு இறால், கீரைத்துண்டு ஒன்றை ஏறி மேய்ந்துகொண்டிருந்தன.

"இது எங்கேந்து வந்திச்சு?"

"நேத்து கடைக்குப் போறதுக்கு முன்னாடி பாட்டில்லேந்து எடுத்தேன், அந்தத் தண்ணியோடயே" என்றாள் காஞ்சனா, அடுப்பிலிருந்து திரும்பாமல். "சமைக்கறப்போ பாத்துகினு இருக்கலாம்னு."

வேலைக்குக் கொண்டுபோகிற தெர்மாமீட்டரை எடுத்து வந்து ஜாடியில் விட்டான். முப்பது. நம்பாமல் உதறிவிட்டு மறுபடி விட்டான். முப்பதுதான். அங்கே தொட்டியில் இருபது. முப்பது டிகிரியில் பஸ்ஸில் வந்தவை, முப்பது டிகிரியில் ராத்திரி முழுக்க இருந்தவை, இதோ கீரை தின்கின்றன. அவன் பிடித்துக் கொடுத்த குளிரில் விழுந்தவை செத்துக் கிடக்கின்றன. போன வருஷத்து ஐஸ் பை, அதற்கு முந்திய வருஷத்து ஐஸ் பாட்டில், எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, மூன்று வருஷமாகக் கொன்றது வெயில் இல்லை. சும்மா இருக்க முடியாத அவன் கை.

ஜெயிக்க முடியாமல் தோற்பது ஒரு துக்கம். தோற்றதற்குச் சொல்லிக்கொண்டிருந்த சாக்கும் பொய் என்று தெரிவது அதைவிடப் பெரிய துக்கம். பலமனேர்க் காற்றின்மேல் இத்தனை நாள் பட்ட பொறாமை அத்தனையும் வீண் செலவு.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே தணிகைவேல் கேட்டான். "எறா புடிச்சிக்கிச்சாண்ணா?"

வெயில் என்று சொல்லியிருக்கலாம். கரண்ட் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தலையாட்டிக்கொண்டு போயிருப்பான்.

"தொட்டில விட்டதெல்லாம் செத்துப்போச்சு" என்றான் புருஷோத்தமன். "நான்தான் கொன்னேன். மெதக்க விடல. வேணும்னேதான் கவுத்தேன். உம்மேல இருந்த வயித்தெரிச்சல்ல."

முந்தின நாள் தெருவே கேட்க அத்தனை திட்டும் வாங்கிச் சிரித்தவன், இந்த நாலு வார்த்தைக்குச் சிரிக்கவில்லை. மாமியார் கையில் இருந்த காலி பாட்டிலை வாங்கிப் பையில் வைத்தான். வைத்துவிட்டு ஜிப்பை மூடினான். சுந்தரம்மா ஒன்றும் புரியாமல், "போனா போவுது மாப்ள, மழ பேஞ்சதும் வேற குடுத்தனுப்பச் சொல்றேன்" என்றாள்.

தணிகைவேலிடம் ஒன்றைக்கூடக் கேட்டு வாங்கியதில்லை என்பது புருஷோத்தமனிடம் மிச்சமிருந்த ஒரே கௌரவம். அதையும் விட்டான்.

"குடுப்பியாடா?"

கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் வாரி வாரிக் கொடுத்த தணிகைவேல், பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"பாக்கலாம்ணா" என்றான்.

அவர்கள் தெரு திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தான். சில்லரின் பிளக்கைப் பிடுங்கினான். சமையலறை வாசலுக்குப் போனான். ஜாடியில் இருந்த ஒன்றின் வயிற்றடியில் மஞ்சளாக ஏதோ தெரிவதுபோல் இருந்தது. குனிந்து பார்க்கக் கை நீட்டினான்.

"கை வெக்காத மாமா" என்றாள் காஞ்சனா. "எட்டவே நின்னு பாரு."

எட்டவே நின்றான். அவள் ஜாடியின் ஈரத்துணியைப் பிழிந்து மறுபடி சுற்றினாள். ஒன்றுமே செய்யாததுபோல் குழம்பைக் கிளறப் போனாள். அவளுடைய இறால்கள் சுகமாக மேய்ந்தன. புருஷோத்தமனுக்கு வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் மெல்லத் தொடங்கியது. இனி அது பலமனேர்வரை போக வேண்டியதில்லை.